திண்டிவனத்தில் ஓடி, மயிலத்தில் நின்ற எஞ்சின்

வேலையை விட்டு விழுப்புரத்தில் மகன் வீட்டோடு வந்து உட்கார்ந்த பிறகும், மெக்கானிக்குகளின் வாட்ஸாப் குழுவிலிருந்து என்னை யாரும் நீக்கவில்லை. மறதியா, மரியாதையா, தெரியவில்லை. போன வாரம் அதில் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணே, ஃப்ளைவீல் மேக்னெட் வீக்காயிடுச்சின்னு எப்பிடி கரெக்டா கண்டுபுடிக்கிறது? ஒரே பேஜாரா இருக்குது." உடனே ஆளுக்கொரு பதில். ஸ்க்ரூடிரைவரைப் பக்கத்தில் காட்டி இழுக்கிறதா பார் என்றார் ஒருவர். யோசிக்காமல் ஃப்ளைவீலையே மாற்று என்றார் இன்னொருவர். பேட்டரி ஸ்பிரேயர் வந்த காலத்தில் இந்தக் கழுதையை ஏன் இன்னும் கட்டி அழுகிறீர்கள் என்று கேட்டார் மூன்றாமவர். நானும் பதில் அடிக்கத் தொடங்கினேன், அழித்தேன், மறுபடி தொடங்கினேன். "சரியாகத் தெரியாது தம்பி" என்று தொடங்கியது எங்கெங்கோ போய்க்கொண்டே இருந்தது. வாட்ஸாப்புக்கு அது அடங்காது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தொழில் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மருந்தடிக்கும் ஸ்பிரேயர், தண்ணீர் இறைக்கும் சின்ன பம்ப், கையில் தூக்கிப்போகும் ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரு சக்கரம் இருக்கும். அதுதான் ஃப்ளைவீல். அதன் விளிம்பில் காந்தம் பதித்திருப்பார்கள். கயிற்றை இழுத்தால் சக்கரம் சுற்றும். காந்தம் ஒவ்வொரு முறை பக்கத்தில் இருக்கும் காயிலை, அதாவது கம்பிச் சுருளைக் கடக்கும்போதும் பிளக்கில் ஒரு பொறி விழும். பொறி விழுந்தால் எஞ்சின் ஓடும், விழாவிட்டால் ஓடாது. சொல்லும்போது இவ்வளவுதான். ஆனால் ஒரு மெக்கானிக்கைக் கிறுக்கனாக்க இது போதும். காந்தத்துக்கு வாயும் கிடையாது, முகமும் கிடையாது. கெட்டுப்போன காந்தமும் நல்ல காந்தமும் பார்வைக்கு ஒன்றுதான்.

நான் தொழில் பழகியது திண்டிவனத்தில். பழகிய கதையில் விசேஷம் ஒன்றுமில்லை. பெட்ரோலில் கை கழுவினேன், திட்டு வாங்கினேன், ஒருநாள் பார்த்தால் மெக்கானிக் ஆகியிருந்தேன். பிறகு அதே ஊரில் விவசாய மிஷின்கள் விற்கும் கடை ஒன்றின் சர்வீஸ் பகுதியில் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்துவிட்டேன்.

அங்கே எனக்கு மேலே சூப்பர்வைசராக இருந்தவர் சூசைநாதன் சார். என்னைவிட இரண்டு வயது சின்னவர். அவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஆள் கொஞ்சம் பருமன், சத்தம் போட்டுப் பேசமாட்டார். பகல் வெளிச்சத்தில் பிளக்கின் பொறி கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அதனால் தலையோடு ஒரு துண்டை எஞ்சின்மேல் போர்த்திக்கொண்டு உள்ளே குனிந்துகொள்வார். "இழுபா" என்பார். நாங்கள் கயிற்றை இழுப்போம். துண்டுக்குள்ளிருந்து "நீலம்" என்று குரல் வந்தால் பொறி பலமாக இருக்கிறது, "மஞ்ச" என்று வந்தால் சோதா. கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் அவர் ஆவி பிடிக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒருமுறை ஒரு பெரியவர் மிளகு ரசம் வைத்துக் குடிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அவரிடம் இன்னொரு பழக்கம். வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே "எனக்குத் தெரியல" என்று சொல்லிவிடுவார். முதலாளிக்கு இது ஆகவே ஆகாது. "டாக்டரு தெரியலன்னு சொன்னா எவன் சார் வருவான்?" என்று கடிந்துகொள்வார். சூசைநாதன் சார் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு, அடுத்த ஆளிடமும் அதையேதான் சொல்வார். எனக்கு அவர் தெரியலை என்று சொல்வது பிடிக்கும். நானும் அநேக நாள் தெரியாமல்தான் நின்றிருக்கிறேன், வெளியே சொல்லும் தைரியம்தான் இல்லை.

குழப்பத்துக்கு ஒரு சின்ன உதாரணம். காணையிலிருந்து ஒரு கரும்பு விவசாயி ஸ்பிரேயர் கொண்டுவந்தார். கயிற்றை இழுத்தால் எஞ்சின் திருப்பி இழுத்தது. என் விரல் பிய்ந்துபோகாதது புண்ணியம். பிளக் நல்ல பிளக், காயில் நல்ல காயில், காந்தம் ஸ்பேனரைப் பிடுங்கிக்கொள்ளும் அளவுக்கு இழுத்தது. காலையெல்லாம் மண்டை காய்ந்தது. கடைசியில் புல்லர் போட்டு ஃப்ளைவீலைக் கழற்றிப் பார்த்தால், சக்கரத்தையும் தண்டையும் இணைக்கும் அரை நிலா வடிவச் சாவி இருக்கவேண்டிய பள்ளத்தில் தென்னை ஈர்க்கு ஒடித்துச் செருகியிருந்தது.

"சாவி தொலைஞ்சி பூடுச்சிங்க. இது கச்சிதமா உக்காந்துதுங்க" என்றார் அவர், பெருமையாக.

ஈர்க்கு நசுங்கி, சக்கரம் கொஞ்சம் நகர்ந்து, பொறி தப்பான நேரத்தில் விழுந்துகொண்டிருந்தது. இப்படிப்பட்ட குழப்பம் எனக்குப் பிடிக்கும். கழற்றினால் காரணம் கையில் வந்துவிடும், சிரித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். நான் சொல்ல வந்தது அப்படிப்பட்டதல்ல.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வெயில் காலம். மயிலத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து தனலட்சுமி என்ற அம்மாள் ஷேர் ஆட்டோவில் ஒரு சின்ன ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு வந்தார். வீட்டுக்காரர் பெயர் கோவிந்தன். வெகுகாலம் ரைஸ் மில்லில் வேலை பார்த்தவர், நுரையீரல் கெட்டுப்போய்ப் படுத்துவிட்டார். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மிஷின் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் இருக்கும்வரை கவலையில்லை. போனால் இந்த ஜெனரேட்டர்தான் அதை ஓட்டவேண்டும்.

"நல்லாத்தான் ஓடிக்கினு இருக்குது அண்ணே. ஒரு மணி நேரம் ஓடும். அப்பறம் யாரோ கழுத்தப் புடிச்ச மாரி நின்னு பூடுது" என்றார்.

"நின்னா அவருக்கு என்னம்மா பண்ணுவ?"

"சின்ன சிலிண்டரு ஒண்ணு இருக்குது. அத்தத் தொறந்து உடுவேன். அது கொஞ்ச நேரந்தான் தாங்கும். அதுக்குள்ள கரண்டு வர்ணும்னு சாமியக் கும்புட்டுக்கினு உக்காந்திருப்பேன்."

அவர் அழவில்லை. விலாசம் சொல்வது போலச் சொன்னார். இதுவரை என் கைக்கு வந்த எஞ்சின் நின்றால் மருந்தடிப்பு ஒருநாள் தள்ளிப்போகும், தண்ணீர் பாய்ச்சல் கெடும். ஒரு மனிதரின் மூச்சை என் மேஜைமேல் யாரும் கொண்டுவந்து வைத்ததில்லை.

பிளக் மாற்றினேன், கார்புரேட்டரைக் கழுவினேன், பல்புகளைக் கோத்து லோடு கொடுத்து மத்தியானம் முழுக்க ஓடவிட்டேன். பக்கத்துக் கடைக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். நிற்கவே இல்லை. கொடுத்தனுப்பினேன். அடுத்த வாரமே அதே ஆட்டோவில் அதே ஜெனரேட்டர் வந்து இறங்கியது.

இந்த முறை காயில். சூடு ஏறினால் சில காயில் உள்ளே அறுந்துபோகும், ஆறினால் கூடிக்கொள்ளும். அதுதான் என்று முடிவுகட்டிப் புதுசு போட்டேன். காந்தத்துக்கும் காயிலுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி, காயில் தானாக வந்து ஒட்டியதும் திருகை முடுக்கி, கார்டை உருவினேன். அந்த அளவு இடைவெளிதான் இருக்கவேண்டும். ஸ்க்ரூடிரைவரைக் காந்தத்தின் அருகே கொண்டுபோனால் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டது. சூசைநாதன் சார் துண்டுக்குள் போய் "நீலம்" என்றார். மத்தியானம் முழுக்க மறுபடி ஓடியது. மயிலத்துக்குப் போய் மறுபடி நின்றது.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. திண்டிவனத்தில் ஓடுகிற எஞ்சின் மயிலத்தில் ஏன் நிற்கவேண்டும்? காற்று வேறா, பெட்ரோல் வேறா? சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஊருக்கும் எஞ்சினுக்கும் ராசி என்று ஒன்று உண்டோ என்றுகூட யோசித்தேன். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடும் நிலைக்கு வந்துவிட்டேன்.

தனலட்சுமிக்குப் போன் செய்துவிட்டு அவர் வீட்டுக்கே போனேன். பின்பக்கம் கூரை இறக்கி, அதன் கீழ் ஜெனரேட்டர் இருந்தது. நான் வருகிறேன் என்று வாசல் தெளித்து, பின்பக்கம் கூட்டி, ஜெனரேட்டரை ஈரத் துணியால் துடைத்து, நாலு செங்கல் அடுக்கி அதன்மேல் உட்காரவைத்திருந்தார். கோவிலில் உற்சவர் இருப்பதுபோல இருந்தது. புகைக்குழாய் வயல் பக்கம் பார்த்திருந்தது, சரி. சுற்றிலும் காற்றோட்டம், சரி. மெயின் ஸ்விட்சை அணைத்து ஜெனரேட்டரில் ஓடவிட்டேன். கேப்பைக் கூழும், எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையை வறுத்தும் கொடுத்தார். கூழ் குடித்து, மல்லாட்டையைத் தின்று முடித்து, வெயில் சாயும் வரை உட்கார்ந்தேன். என் முன்னால் அது நிற்கவே இல்லை.

"உங்களப் பாத்தா பயந்துக்கினு ஓடுது அண்ணே" என்றார் தனலட்சுமி. சிரித்தேன், ஆனால் உள்ளே எரிச்சலாக இருந்தது. அந்த அம்மாள் ஏதோ தப்பாகக் கையாள்கிறார், சொல்ல மறுக்கிறார் என்று நினைத்தேன். "வேற எதுனா பண்றியாமா? சோக்கப் போட்டே உட்டுடறியா?" என்று இரண்டு முறை கேட்டேன். "இல்ல அண்ணே, நீங்க சொல்லிக் குடுத்தாப்லதான்" என்றார். உள்ளே கட்டிலில் கோவிந்தன், மூக்கில் குழாயோடு, என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு வழியெல்லாம் கூடவே வந்தது.

மூன்றாம் முறை கடைக்கு வந்தபோது ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஃப்ளைவீலின் இறக்கைகளுக்கு நடுவே பொன்னிறத்தில் மெல்லிய நார்கள் சிக்கியிருந்தன. எலி கூடு கட்டியிருக்கிறது என்றேன். வயல் பக்கத்து எஞ்சின்களில் அது சகஜம். சூசைநாதன் சார் ஒரு நாரை எடுத்து விரலில் திரித்தார், முகர்ந்தார்.

"எலியா?"

"எலிதான் சார்."

"எலி வந்தா புழுக்கை இருக்கணுமேபா."

புழுக்கை இல்லை. அவர் அங்கே நின்றிருந்த தனலட்சுமியிடம் திரும்பி, வழக்கம்போல, "எனக்குத் தெரியலமா" என்றார். அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "வர்ற வாரம் எங்க ஊருல நாளெல்லாம் ஷட்டவுன்னு சொல்லியிருக்காங்க சார். காலைல போனா சாயங்காலந்தான் வருமாம். சிலிண்டரு அவ்ளோ நேரத்துக்குத் தாங்காது" என்றார். சார் ஃப்ளைவீலைக் கையில் எடுத்துக்கொண்டு எதிரே இருந்த டீக்கடைக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

"மாஸ்டரு, கொதிக்கிற தண்ணி வேணும். இதப் போடணும்."

"இன்னா சார், டீ போடவா?" என்றார் மாஸ்டர். ஆனால் ஒரு பழைய குண்டானில் கொதிநீர் ஊற்றிக் கொடுத்தார். சக்கரத்தை அதில் முக்கி, அடுப்பிலேயே வைத்தோம். டீ குடிக்க வந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து இடுக்கியால் தூக்கி, துணியால் பிடித்து, ஒரு மரத்துண்டால் காந்தத்தை மெல்ல அழுத்தினார் சார். காந்தம் நகர்ந்தது. நகக்கண் அளவுதான், ஆனால் நகர்ந்தது. அதைச் சக்கரத்தோடு ஒட்டியிருந்த பசை மெழுகாக இளகியிருந்தது. ஸ்க்ரூடிரைவரைக் காட்டினேன், முன்போல வெடுக்கென்று பிடுங்கவில்லை. சக்கரம் ஆறிய பிறகு அதே காந்தம் பாறை மாதிரி இறுகிக்கொண்டது, ஸ்க்ரூடிரைவரையும் பிடுங்கியது. ஆறின சக்கரத்தை எத்தனை நாள் சோதித்தாலும் குற்றம் தெரிந்திருக்காது.

நான் துள்ளிக் குதிக்காத குறை. "கெடச்சிடுச்சி சார்! மேக்னெட்டு!"

"கெடச்சிது. ஆனா இவ்ளோ சூடு எங்கருந்துபா வந்துது? காத்து வாங்குற எஞ்சினு இப்பிடிக் கொதிக்காதே. புதுசு போட்டாலும் அதுவும் இளகும்" என்றார். என் சந்தோஷம் அங்கேயே படுத்துவிட்டது.

விழுப்புரத்திலிருந்து புது ஃப்ளைவீல் வரவழைத்து மாட்டிக் கொடுத்தனுப்பினோம். பழைய காந்தத்தையே மறுபடி ஒட்டலாமே என்று முதலாளி கேட்டார். ஒட்டலாம்தான். வேகமாகச் சுற்றும்போது பிய்த்துக்கொண்டு போனால் மூடியை உடைத்துக்கொண்டு வெளியே வரும். அந்த வீட்டில் அதற்கு நான் துணிய மாட்டேன் என்றேன். ஷட்டவுன் அன்று காலை சார் என்னை, "போய்க் கூடவே உக்காந்துரு. நின்னா அங்கயே பாரு. கார்ல சிலிண்டரு ஏத்திக்கினு நான் பின்னால வர்றேன்" என்று அனுப்பினார்.

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் தனலட்சுமியின் ஊருக்குப் போகும் ரோட்டைக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வண்டியை ஓரம் விட்டு, மல்லாட்டைக் கொல்லை வரப்பில் நடந்து, வீட்டின் பின்பக்கமாகப் போய்ச் சேர்ந்தேன். ஜெனரேட்டர் இருக்கவேண்டிய இடத்தில் ஜெனரேட்டர் இல்லை. ஒரு சாக்குக் குவியல் இருந்தது. அந்தக் குவியல் உறுமிக்கொண்டிருந்தது.

எனக்கு ஒரு கணம் எதுவுமே விளங்கவில்லை. கருகல் வாசனை மூக்கில் ஏறிய பிறகுதான் ஓடினேன். நெல் சாக்கு, உரச் சாக்கு, அதன்மேல் ஒரு கிழிந்த மெத்தை, எல்லாம் நன்றாகச் சுற்றி, புகைக்குழாய்க்கு மட்டும் வழி விட்டிருந்தது. ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டேன். அடிச் சாக்கின் நார் மூடியின் ஓட்டைகள் வழியே உள்ளே இழுபட்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் எஞ்சின் நிற்பதற்கு முன்னால் கூரையே பற்றியிருக்கும்.

சத்தம் கூடியதும் தனலட்சுமி வெளியே ஓடி வந்தார். என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு அவசரமாகச் சாக்குகளை மடிக்கத் தொடங்கினார். "முன் பக்கமா வர்லியாண்ணே? வண்டிச் சத்தம் கேட்டிருந்தா எல்லாத்தையும் எடுத்துச் சுத்தம் பண்ணி வெச்சிருப்பேனே. இப்பிடி அலங்கோலமா இருக்கசொல்ல வந்துட்டீங்களே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் எதையும் மறைக்கவில்லை. வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் அழுக்குச் சாக்கை எடுத்துவைத்துவிட்டுக் கூட்டிப் பெருக்குவது அவருக்குப் பழக்கம். நான் வந்தபோதும் அதைத்தான் செய்தார். கடைக்கு அனுப்பும்போதும் துடைத்துத்தான் அனுப்பினார். நாங்கள் தேடிய காரணத்தை மரியாதைக்காக ஒவ்வொரு முறையும் அவரே அப்புறப்படுத்தியிருக்கிறார்.

கோபம் வந்துவிட்டது எனக்கு. "எதுக்குமா மூடுன? அதுக்கு மூச்சு வாணாமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இது கத்துச்சின்னா அவரு மூச்சு எனக்குக் கேக்கல அண்ணே. அந்த ஆக்சிஜன் மிஷினு புஸ்ஸு புஸ்ஸுன்னும், அது எனக்குப் பழகிடுச்சி. அதுக்குள்ள அவரு மூச்சு தனியா கேக்கும். அடுப்படியில இருந்தாக்கூட கேக்கும். கேட்டுக்கினேதான் சோறு ஆக்குவேன். இது ஓட ஆரம்பிச்சா பக்கத்துல உக்காந்துக்கினாக்கூட ஒண்ணும் தெரியல. அவரு நெஞ்சுமேல கைய வெச்சிக்கினே எவ்ளோ நேரம் இருக்கறது சொல்லுங்க."

அதற்கு மேல் எனக்குக் கோபப்பட வழியில்லை. அதற்குள் சூசைநாதன் சார் காரை ரோட்டிலேயே விட்டு, சிலிண்டரைத் தோளில் சுமந்து வரப்பு வழியே வந்துவிட்டார். அதைக் கோவிந்தனுக்கு மாட்டிவிட்டு, எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, கொல்லையின் கடைசியில் இருந்த வைக்கோல் போருக்கு அந்தப்புறம், நன்றாகத் தள்ளி, ஒரு கல்லின்மேல் வைத்தோம். கையோடு கொண்டுபோயிருந்த நீள ஒயரை இழுத்துக் கொடுத்து ஓடவிட்டேன். வீட்டுக்குள் சத்தம் ஒரு முனகலாகக்கூட வரவில்லை. ஆக்சிஜன் மிஷின் ஓடத் தொடங்கியது. தனலட்சுமி கட்டிலருகே நின்று காதைக் கொடுத்துக் கேட்டார். முகம் தெளிந்தது. பிரச்சினை தீர்ந்தது என்று நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

உள்ளே டம்ளரால் கட்டில் சட்டத்தைத் தட்டும் சத்தம். ஓடினோம். கோவிந்தனுக்கு வேர்த்துக் கொட்டியது. கண் இரண்டும் ஜன்னலையே பார்த்திருந்தன. அவருக்கு ஒரு மூச்சில் நாலு வார்த்தைக்கு மேல் வராது.

"ஜெனரேட்டரு நின்னு பூடுச்சா?"

"ஓடுதுங்க. தூரத்துல ஓடுது" என்றேன்.

"எனக்குக் கேக்கலயே..." மூச்சு வாங்கினார். "அந்தச் சத்தம் கேட்டாத்தான்... எனக்குத் தெகிரியம்... இவ மூடிப் போட்டாக்கூட... உர்ருன்னு கேக்கும்... கேக்கலன்னா... நின்னு பூடுச்சின்னு தோணுது... நெஞ்சு அடைக்குது."

தனலட்சுமி அவரைப் பார்த்தார். இத்தனை நாள் ஒரே வீட்டில் இருந்தும் இதை அவர் சொன்னதில்லை போலிருக்கிறது. "இத்த ஏங்க எங்கிட்ட சொல்லல?" என்றார். "நீதான் மூடுனியே... உனுக்குச் சத்தம்... புடிக்கலபோலன்னு இருந்துட்டேன்" என்றார் அவர்.

நானும் சாரும் வெளியே வந்தோம். எஞ்சினை வைக்கோல் போரிலிருந்து வீட்டுப் பக்கம் கொஞ்சம் கொண்டுவந்தோம். புகை வீட்டுப் பக்கம் திரும்பாதபடி வயலைப் பார்க்க வைத்தோம். சார் ஜன்னலருகே நின்று, "கேக்குதா ஐயா?" என்றார். இல்லை என்று கை ஆட்டினார் கோவிந்தன். இன்னும் கொஞ்சம் இழுத்தோம். அவருக்குக் கேட்டது, அந்த அம்மாளுக்கு அவர் மூச்சு மறைந்தது. பின்னால் தள்ளினோம். அடுப்படியிலிருந்து, "இப்பக் கேக்குது அண்ணே" என்றார் அந்த அம்மாள். கட்டிலிலிருந்து டம்ளர் தட்டியது. என் சர்வீஸில் எத்தனையோ அளவு வைத்திருக்கிறேன், இந்த அளவுக்கு எந்தக் கருவியும் என்னிடம் இல்லை. வெயில் ஏற ஏற இரண்டு கிழவர்கள் ஒரு ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கும் வீட்டுக்கும் நடந்தோம். கடைசியில் முருங்கை மரத்தடியில், கோழிக் கூண்டை நகர்த்திவிட்டு வைத்தபோது டம்ளர் தட்டவில்லை. அடுப்படிக்குள் போன தனலட்சுமி வெகுநேரம் வெளியே வரவில்லை. பிறகு வாசலில் வந்து நின்று, கேட்கிறது என்று தலையை ஆட்டினார்.

நாளெல்லாம் முருங்கை நிழலில் உட்கார்ந்திருந்தேன். எஞ்சின் நிற்கவில்லை. சாயங்காலம் கரண்ட் வந்ததும் தனலட்சுமி மிஷின் பிளக்கை மாற்றிச் செருகிவிட்டு, "அணச்சிடுங்கண்ணே" என்று குரல் கொடுத்தார். அணைத்தேன். சட்டென்று ஊரே அடங்கிப்போன மாதிரி இருந்தது. உள்ளிருந்து கோவிந்தன் பதறி, "தனம்!" என்று கூப்பிட்டார். அதே நேரத்தில் அந்த அம்மாள், "ஏங்க!" என்று ஓடினார்.

அப்புறம் பேச்சில்லை. முருங்கை மரத்தடியில் இருந்த எனக்கே அவர் மூச்சு கேட்டது.